ஊரே பார்த்ததைப் பார்க்காதவர்

ஊரே தலைதெறிக்க ஓடும்போது செருப்பைத் தேடி எடுத்து, அதில் ஒட்டிய மண்ணைத் தட்டி, இடது எது வலது எது என்று சரிபார்த்துப் போட்டுக்கொண்டு, "எதுக்குப்பா ஓடறாங்க?" என்று நிதானமாக விசாரிக்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் என்னோடு ஒரே செட்டில் வேலை பார்த்தார். அவர் பேர் பாக்கலையே.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு ஏதோ ஒன்று ஓட்டர் லிஸ்டில் இருந்திருக்கும். அளத்தில் அதைக் கேட்டவர் கிடையாது. யாராவது ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு, "சேதி தெரியுமா, அந்தக் கோடி வூட்டுக்காரன் பொண்டாட்டிய அடிச்சி வெரட்டிட்டானாம்" என்று ஆரம்பிப்பாள். நாங்கள் எல்லாரும் "ஆமாமா, அவன் அப்படித்தான்" என்று தலையாட்டுவோம். அவர் மட்டும் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு, "நான் பாக்கலையே" என்பார். அவ்வளவுதான். விளைந்த பாத்தியில் மழை பெய்த மாதிரி அந்தப் பேச்சு அங்கேயே கரைந்துவிடும்.

வயது ஐம்பது இருக்கும். ஒல்லியான உடம்பு, நீளக் கழுத்து. பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. தலையில் ஒரு பழைய துண்டு, காலில் யாரோ கொடுத்த, இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ். நடந்தால் அளத்தின் அந்தக் கோடியிலிருந்தே "பளக், பளக்" என்று கேட்கும்.

உப்பள வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே தனி ஆளாக யாரும் பிழைக்க முடியாது. செட்டு சேர்ந்துதான் வேலை. ஆண்கள் பாத்தியில் இறங்கி உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். நாங்கள் பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரிசையாகப் போய் மேட்டில் கொட்டுவோம். வரப்பு ஒற்றையடி அகலம்தான். வழுக்கும். அதனால் முன்னால் போகிறவள் கால் வைத்த இடத்தில்தான் பின்னால் வருகிறவள் கால் வைப்பாள். வருஷக்கணக்கில் கால் அப்படிப் பழகிவிட்டால் வாயும் அப்படியே பழகிவிடும். முதலில் போகிறவள் என்ன சொல்கிறாளோ, அதே இடத்தில்தான் கடைசியில் வருகிறவள் நாக்கும் போய் விழும்.

எங்கள் மேஸ்திரி மத்தியானத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்பா, இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்பார். பத்துப் பேரும் மேஸ்திரியின் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் முகம் வாடியிருந்தால் "வரும் மேஸ்திரி", தெளிவாக இருந்தால் "வராது மேஸ்திரி". பாக்கலையே ஒருத்தர்தான் வானத்தைப் பார்ப்பார். அந்தக் காலத்தில் அது எங்களுக்குப் பெரிய தமாஷ். "மேல இன்னாயா தேடுற, காத்தாடியா வுடுற?" என்று கேலி செய்வோம்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் சுனாமி வந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் "பளக் பளக் பளக்" என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பாக்கலையே ஓடி வருகிறார். ஒரு பூட்ஸ் காலில், இன்னொன்று கையில்.

"ஓடுங்க! கடலு ஏறி வருது! நான் பாத்தேன்! நான் பாத்தேன்!"

வேறு யார் சொல்லியிருந்தாலும் "கடலாவது ஏறுறதாவது, காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருப்போம். ஆனால் அந்த மனிதர் வாயிலிருந்து "பாத்தேன்" என்ற வார்த்தையை எங்கள் தெரு அதுவரைக்கும் கேட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லுக்குத் தெரு முழுக்க எழுந்து ஓடியது. எங்கள் பக்கம் தண்ணீர் கால்வாயோடு நின்றுவிட்டது, மாரியாத்தா புண்ணியம். ஆனால் மேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் தெருதான்.

நாலு நாள் கழித்து மறுபடியும் "தண்ணி வருது" என்று ஒரு சத்தம். யார் கிளப்பினார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜனம் ஓடி வந்தது, அதைப் பார்த்து நாங்கள் ஓடினோம், எங்களைப் பார்த்து அடுத்த தெரு ஓடியது. நான் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், உள்ளே மாவு வெந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் டி.வி. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். டி.வி. வீட்டிலேயே இருந்தது. திண்டிவனம் ரோட்டில் இரண்டு மைல் போன பிறகுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அசடு வழியத் திரும்பி வந்தால், உப்புக் குவியலின் உச்சியில் பாக்கலையே குந்தியிருக்கிறார்.

"ஏன்யா, நீ ஓடலியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. அது சும்மாதான் இருந்துது. சரி, நாமளும் சும்மா இருப்போம்னு இருந்துட்டேன். கையில இன்னா, ரிமோட்டா?"

நான் சாமி பயம் உள்ளவள். செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அதனால் அவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. தீபாராதனை காட்டும்போது நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அவர் மட்டும் கண்ணை அகலமாகத் திறந்து, நீளக் கழுத்தை இன்னும் நீட்டி, அம்மனையே பார்த்துக்கொண்டிருப்பார். நாத்திகன் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் பொறுக்காமல், "சாமி முன்னால இப்படியா முழிச்சிக்கிட்டு நிப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, இம்மாந்தூரம் நடந்து அம்மாவப் பாக்க வந்துட்டு, அம்மா வெளிச்சத்துல நிக்கச்சொல்லோ கண்ண மூடிக்கிறீங்களே, அப்புறம் எப்பத்தான் பாப்பீங்க?" என்றார்.

அவர் கன்னம் நனைந்திருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

சுனாமி வந்து இரண்டு மாதம் கழித்து, மாசியில் ஒரு பேச்சு பரவியது. ஆண்பிள்ளை உள்ள வீட்டில், ஒரு பிள்ளைக்கு ஐந்து விளக்கு என்று கொட்டாங்குச்சியில் ஏற்றி வாசலில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கடல் கேட்டு வரும் என்று. கொட்டாங்குச்சிக்கே ஊரில் தட்டுப்பாடு வந்துவிட்டது. இரண்டு பிள்ளைக்காரியான நான் பத்து விளக்கு வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டு காவல் காத்தேன்.

பாக்கலையே என் வாசலுக்கு வந்தார். "யாரும்மா சொன்னது இத?"

"மீன்காரம்மா சொன்னாங்க."

மறுநாள் மீன்காரம்மாவைக் கேட்டார். இடையஞ்சாவடியில் இருக்கிற தன் நாத்தனார் சொன்னதாகச் சொன்னாள் அந்த அம்மா. ஞாயிற்றுக்கிழமை லீவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு இடையஞ்சாவடி போனார். நாத்தனார், வானூரில் ஒரு டெய்லர் சொன்னதாகச் சொன்னாள். அங்கிருந்து வானூர். டெய்லர், தன் பெண்சாதி சொன்னதாகச் சொன்னார். பெண்சாதி, பஸ்ஸில் ஒரு மரக்காணத்து அம்மா சொன்னதாகச் சொன்னாள். "பச்சைப் பொடவை, தாவாக்கட்டையில ஒரு மச்சம், பையில பசங்க யூனிபார்ம் துணி வெச்சிருந்தாங்க."

சாயங்காலம் சைக்கிளை என் வாசலில் நிறுத்திவிட்டு, என் தாவாக்கட்டையையே உற்றுப் பார்த்தார். "ஏம்மா, போன மாசம் வானூர் பஸ்ல போனியா?"

போனேன். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது, கொட்டாங்குச்சியில் ஒரு விளக்கு ஏற்றி மாரியாத்தாவை வேண்டிக்கொண்டேன், சரியாகிவிட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னது. அந்த ஒரு விளக்கு நாலு ஊர் சுற்றி, ஐந்தாகி, கடலையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கே வந்திருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு நானே நடுங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எருமை கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியது.

இதெல்லாம் சிரிப்புக் கதை. சிரிப்பு வராத ஒன்று வைகாசியில் நடந்தது.

எங்கள் செட்டுக்குச் செல்வி என்று ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். கடலோரக் குப்பத்துப் பெண். புருஷனை சுனாமி கொண்டுபோய்விட்டது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். கடல்காரர்கள் உப்பு வேலைக்கு வருவது வழக்கமில்லை. நாங்களும் அவளை எங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் அவள் தனியாக உட்காருவாள். நாங்கள் போகச் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. பாக்கலையே மட்டும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக் குழம்பையும் வாங்கிச் சாப்பிடுவார்.

ஒருநாள் மத்தியானம் சோற்று வேளை முடிந்து போய்ப் பார்த்தால், நாலு பாத்தி நிறையத் தண்ணீர் நிற்கிறது. கால்வாய்ப் பக்கத்து மடை திறந்து கிடக்கிறது. நாளைக்கு வார வேண்டிய உப்பு, பூப்பூவாக விளைந்தது, அத்தனையும் கரைந்துபோயிற்று. சோற்றுக்குப் போகுமுன் மடையைப் பார்த்து அடைக்க வேண்டியது செட்டின் பொறுப்பு. அன்றைக்கு யார் பார்த்தோம்? யாரும் பார்க்கவில்லை. மேஸ்திரி உட்பட.

மறுநாள் காலையில் முதலாளியின் கணக்கப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "யார் வேலை இது? ஆளச் சொல்லலன்னா செட்டையே மாத்திடுவேன்" என்றார்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. பயந்தவர். அவர் கண் எங்கள் வரிசையில் ஒவ்வொருவராக மேய்ந்துகொண்டு போய்க் கடைசியில் செல்வியிடம் நின்றது. "இந்தப் பொண்ணுதாங்க. ரெண்டு மணிக்கு மடைகிட்ட நின்னுச்சு. தொழில் தெரியாம தொறந்து வுட்டுடுச்சு."

"அய்யோ, நான் அந்தப் பக்கமே போகலீங்க!" செல்வி இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஒரு செட்டில் இப்படிப் பேர் வாங்கினால் மரக்காணத்தில் எந்த அளத்திலும் சேர்க்க மாட்டார்கள். அதற்கப்புறம் அவள் அந்த இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"யாராவது பாத்தீங்களா?" என்றார் கணக்கப்பிள்ளை.

முதலில் மயிலா. மேஸ்திரிக்கு மச்சினி. "பாத்தேங்க. மடைகிட்டதான் நின்னா."

அடுத்தவள்: "நானும் பாத்தேன்."

அதற்கடுத்தவர்: "குனிஞ்சி இன்னாவோ செஞ்சிது."

பவுனு அக்கா இன்னும் ஒரு படி மேலே போனாள். "மஞ்சப் பொடவைங்க. முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு, இப்படி அப்படித் திரும்பிப் பாத்துட்டு, மண்வெட்டிய வெச்சி ஒரே வெட்டு!"

வரிசை என்னிடம் வந்தது. வாசகர்களே, நான் சாமி சாட்சியாகச் சொல்கிறேன், பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு முன்னால் ஆறு பேர் சொல்லச் சொல்ல, என் கண்ணுக்குள் அந்த மஞ்சள் புடவை தெரிய ஆரம்பித்துவிட்டது. மண்வெட்டி தெரிந்தது. அதன் பிடியில் சுற்றியிருந்த கயிறுகூடத் தெரிந்தது. இரண்டு மணி வெயிலில் உப்புப் பாத்தி அடிக்கிற வெளிச்சத்தில் பத்தடிக்கு அப்பால் நிற்பது மனுஷியா மாடா என்று தெரியாது என்பது இருபது வருஷம் அங்கே வேலை செய்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், "மாரியாத்தா சத்தியமா நானும் பாத்தேங்க" என்றேன். சத்தியம் பண்ணச் சொல்லி யாரும் கேட்கக்கூட இல்லை.

எனக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களும் பார்த்துவிட்டார்கள். கடைசியில் நின்றது பாக்கலையே.

"நீ சொல்லுயா" என்றார் கணக்கப்பிள்ளை.

"நான் பாக்கலையே."

"யோவ், ஒம்போது பேர் பாத்துட்டாங்க. ஒனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி."

"அப்ப நாங்க எல்லாரும் பொய் சொல்றோமா?"

"நான் அப்படிச் சொல்லலையே. நீங்க பாத்திருந்தா பாத்திருப்பீங்க. நான் பாக்கல."

"இந்தா பாரு, நீயும் செட்ட விட்டுப் போயிடுவ. நெனப்புல வெச்சிக்க."

"சரிங்க" என்றார். பலகையை வரப்பில் மெதுவாகக் கிடத்தினார். குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி.

அப்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. "பளக் பளக் பளக்." யாரும் நடக்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தேன். அவர் பூட்ஸ்தான். உள்ளே இருந்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், இந்த மனிதருக்குப் பயம் கிடையாது, சுரணை கிடையாது, அதனால்தான் ஊரோடு ஒத்துப்போகாமல் நிற்கிறார் என்று. அப்படி இல்லை. எனக்கு இருக்கிற அத்தனை பயமும் அவருக்கும் இருந்தது. அவருக்கும் அந்த வேலையை விட்டால் வேறு சோறு கிடையாது. பயத்தை வைத்துக்கொண்டே பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு நிற்கிறார். கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களை எத்தனையோ முறை பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த நடுங்குகிற பூட்ஸைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்த மாதிரி எப்போதும் சிலிர்த்ததில்லை.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "கணக்கப்புள்ள... நானும் பாக்கலீங்க."

"இப்பத்தானேம்மா சத்தியம் பண்ண?"

"அந்தப் பாவத்த நான் மாரியாத்தாகிட்ட தீத்துக்கிறேன். நான் அந்தப் பொண்ணப் பாக்கல. எனக்கு முன்னாடி சொன்னாங்க, அதனால எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துது."

மயிலா மெல்ல, "எனக்கும் வெயில்ல சரியாத் தெரியலீங்க. மாமா சொன்னாரு, அதான்..." என்று இழுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள், "அவ சொன்னாளேன்னுதான் நான் சொன்னேன்" என்றாள். வரப்பில் முதல் ஆள் சறுக்கினால் வரிசையே சறுக்குமே, அந்த மாதிரி ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் பவுனு அக்காவிடம் வந்து நின்றது.

"ஏம்மா, மஞ்சப் பொடவ, மண்வெட்டின்னு படம் புடிச்சாப்பல சொன்னியே, நீ?" என்றார் கணக்கப்பிள்ளை.

பவுனு அக்கா தலையைச் சொறிந்தாள். "நான் நேத்து வேலைக்கே வரலீங்க. வானூர்ல எங்க சித்தப்பா காரியம்."

கணக்கப்பிள்ளை மேஸ்திரியைப் பார்த்தார். "ஆஜர் போடறது யாருயா?" மேஸ்திரி கடலைப் பார்த்தார்.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து, முதன்முறையாக, அந்த மடையைப் போய்ப் பார்த்தோம். யாரும் வெட்டிய அடையாளம் இல்லை. அடியில் நண்டு வளை, என் முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. அமாவாசைக் கடல் ஏற்றத்தில் கால்வாய்த் தண்ணீரும் ஏறி, அந்த ஓட்டை வழியாகப் புகுந்து மண்ணைக் கரைத்திருக்கிறது. கணக்கப்பிள்ளை எங்களை வாயில் வந்தபடி திட்டினார். ஆனால் செட்டை மாற்றவில்லை. செல்வியும் போகவில்லை. அன்று மத்தியானம் அவளை யாரும் கூப்பிடவில்லை, மயிலா மட்டும் எழுந்து தன் தூக்குச் சட்டியோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் நான் போனேன். அப்புறம் எல்லாரும். நல்லதும் எங்களிடம் வரிசையாகத்தான் வரும் போலிருக்கிறது.

சத்தியத்துக்குப் பரிகாரமாக மூன்று செவ்வாய் மண்சோறு சாப்பிட்டேன். அவரைப் பார்த்து, "எப்படிண்ணா ஒத்தையா நின்ன?" என்று கேட்டேன். "எங்க நின்னேம்மா? உக்கார எடம் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த வருஷம் தை மாதம் என் சின்னவனுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதுதான் முறை. எனக்கு உடன்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர், சீர்த்தட்டோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாக்கலையே மடியில் வைத்தேன்.

பந்தலே எழுந்து நின்றது. "இன்னாடி இது, முறை தெரியாதா?" என்றாள் என் மாமியார். "ஊரு சிரிக்கும்" என்றார் பெரிய அண்ணன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கும் கால் நடுங்கத்தான் செய்தது. "எனக்கு மூணு அண்ணனுங்க. மூத்தவரு மடியில வெச்சிருக்கிறேன்" என்றேன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். குத்தியபோது பிள்ளை ஒரு சத்தம்தான் போட்டான், வெல்லத்தைக் கொடுத்ததும் சிரித்துவிட்டான். அவனைப் பிடித்திருந்த தாய்மாமனைத் தேற்றத்தான் எங்களுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.